இரவில் தட்டிய கதவு



சென்ற ஆண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். இரவு 11 மணியளவில், எங்கள் மதரஸாவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன்: "ஸலாம். நாளை காலை உங்களிடம் பேச வேண்டும்." அனுப்பிவிட்டு உறங்கிவிட்டேன்.

ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அவர் என்னருகில் வந்து அமர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஹஜ்ரத், என்னிடம் ஏதேனும் குறை கண்டீர்களா? நிர்வாகத்தில் ஏதும் சொன்னார்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பேச நினைத்ததோ தேர்வு அட்டவணையைப் பற்றி மட்டுமே. அண்மையில் மணமாகி வாடகை வீட்டில் குடியேறியிருந்த அவர், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார்.

நான் வெட்கித் தலைகுனிந்தேன். ஏனெனில், ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தை ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவன் நான். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களிலும் வீட்டுப் பணியாளரும் பருவமடையாத சிறுவரும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்பது அதன் கட்டளை. சுவர்களுக்கும் கதவுகளுக்கும் அதைப் போதித்த நான், தலையணை அருகே இருக்கும் கைபேசியும் ஒரு கதவுதான் என்பதை மறந்துவிட்டேன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கதவைத் தட்டியபோது, யாரென்று கேட்கப்பட்டது. நான்தான் என்று மட்டும் அவர்கள் பதிலளித்ததை நபியவர்கள் விரும்பவில்லை. என் செய்தியிலும் அதுபோன்ற குறை இருந்தது. தட்டியவர் யாரென்று தெரிந்தது. எதற்காகத் தட்டினார் என்பது தெரியவில்லை.

அன்றிலிருந்து சில ஒழுங்குகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். இஷாவுக்குப் பின் மதரஸா அலுவல் குறித்துச் செய்தி அனுப்புவதில்லை. எழுதி வைத்துக் காலையில் அனுப்புகிறேன். ஸலாமோடு விஷயத்தையும், அது அவசரமா இல்லையா என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கூட்டம் வைப்பதானால், இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டு எது வசதி என்று முதலில் கேட்கிறேன்; தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் ஆசிரியர்கள் எங்களிடையே உண்டு. அவர்களது அரை மணி நேரமும் ஓர் அமானிதமே.

மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. ஆகவே, பதில் வராத எண்ணை ஓயாமல் அழைப்பதையும் விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் அதே இளைஞரிடம், லுஹருக்குப் பின் பேசலாமா என்று கேட்டிருந்தேன். "இன்று இயலாது ஹஜ்ரத், நாளை வரட்டுமா?" என்று பதில் வந்தது. திரும்பிச் செல்லுங்கள் எனக் கூறப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்று அதே ஸூரா கற்பிக்கிறது. அச்சமின்றி மறுக்கும் அளவுக்கு அவர் என்னை நம்பியதை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

நம் நாவும் கையும் பிறருக்குத் துன்பம் தராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.