யானையின் வழி

ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன், தனக்குப் பிடிக்காத பிராணி யானை என்று கட்டுரை எழுதியிருந்தான். கதிர் முற்றிய தந்தையின் வயலை யானைகள் ஓரிரவில் மிதித்தழித்த கதை அது. எழுத்துப் பிழைகளைத் திருத்திய என் சிவப்பு மை, அத்துயரின் முன்னே வெட்கி நின்றது.

மறுநாள் கரும்பலகையில் மகாவலி கங்கையை வரைந்தேன். மத்திய மலைநாட்டிலே பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கலக்கும் நதி அது. பொலன்னறுவைச் சமவெளியிலே அது கரைபுரளும்போது, ‘வில்லு’ எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் நிரம்புகின்றன. கோடையில் நீர் வற்ற அங்கே புல் செழிக்கும். காடு காய்ந்த அந்நாட்களில் யானைகள் கூட்டமாக வந்து மேயும்.

1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் எழுந்தன. நாடு மின்சாரம் பெற்றது, நிலமற்றோர் நிலம் பெற்றனர், காடு வயலாயிற்று. 1984இலேயே அச்சமவெளியின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்கினர். ஆயினும் வரைபடக் கோட்டை யானை அறியுமா? 2023இல் மாத்திரம் இந்நாட்டில் 150க்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் மாண்டனர். மனிதராலே யானைகளும் மாண்டன.

“ஆகவே, யானையும் உன் தந்தையும் பகைவரல்லர், ஒரே திட்டம் இருவரையும் ஒரே வயலிற் கொண்டுவந்து நிறுத்தியது” என்றேன்.

அவன் எழுந்தான். “மின்சாரம் எல்லாருக்கும், யானை மட்டும் எங்களுக்கா, சேர்?”

என் பாடநூலில் இதற்கு விடையில்லை. விடை சொல்லவேண்டியோர் வகுப்பறையிலும் இல்லை. ஆனால், அவர்களை நோக்கிக் கேட்கப் பழகும் இடம் வகுப்பறையே. அன்று அவனுடைய கட்டுரைக்கு முழுப் புள்ளி இட்டேன்.