கரையில் நிற்பவள்

நம் இலக்கியத்தில் கரையில் நிற்கும் பெண் பெரும்பாலும் காத்திருப்பவள், இல்லையென்றால் அழுபவள். காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். அவளும் ஆடத் தெரிந்தவள்தான். கதையோ அவளைக் கரையில் நிறுத்திவிட்டது.

கரையில் நின்றபடி ஆட்டத்தையே நடத்துகிற ஒருத்தியை 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆட்டங்களில் பார்த்தேன். பெயர் ரெபெக்கா ரிப்பன். ஆஸ்திரேலிய மகளிர் வாட்டர் போலோ அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

அணிக்கு 7 பேர். 8 நிமிடம் வீதம் 4 பகுதிகள். குளத்தின் தரையில் கால் ஊன்றக் கூடாது. மிதந்துகொண்டே பந்தை ஒரு கையால் பிடித்து எறிய வேண்டும். தண்ணீருக்கடியில் உதையும் இழுபறியும் நடக்கும், நீச்சலுடை கிழியும். பெண்ணுக்கு ஆகாது என்று சொல்ல இதைவிடத் தோதான விளையாட்டு கிடைக்காது. ஆண்கள் 1900இலேயே இதை ஒலிம்பிக்கில் ஆடிவிட்டார்கள். பெண்கள் 2000 வரை, சிட்னி வரை காத்திருந்தார்கள். அதுவும் தானாகக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய வீராங்கனைகள் போராடிய பிறகே கிடைத்தது. அங்கும் ஆண்கள் அணிகள் 12, பெண்கள் அணிகள் 6. இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் இவெட் ஹிக்கின்ஸ் போட்ட கோலால் அமெரிக்காவை 4-3 என வென்று ஆஸ்திரேலியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள்.

அந்தக் கதவு திறந்த பிறகு வந்தவர் ரிப்பன். 2008இல் பெய்ஜிங்கில் தங்கை மெலிசாவோடு ஒரே அணியில் ஆடினார். ஹங்கேரியை பெனால்டியில் வென்று வெண்கலம் பெற்றார்கள். பாரிஸில் அவர் பயிற்றுவித்த அணி, தொடர்ந்து 3 முறை தங்கம் வென்றிருந்த அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தியது. அதுவும் பெனால்டியில்தான். இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 11-9 எனத் தோற்று வெள்ளி. 2012க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பதக்கத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. 2000இல் தங்கம் வாங்கிய பெண்களுக்கும், 2008இல் வெண்கலம் வாங்கிய பெண்களுக்கும் பயிற்சியாளர்கள் ஆண்கள். பாரிஸில் அரையிறுதிக்கு வந்த 4 மகளிர் அணிகளில் 3 அணிகளின் பயிற்சியாளர்கள் ஆண்கள். ஸ்பெயின் அணியின் மிக்கி ஓக்காவும் 1996இல் ஆட்டக்காரராகத் தங்கம் வென்றவர். ஆடி முடித்த ஆண் பயிற்சியாளர் ஆவதில் யாருக்கும் வியப்பில்லை. ஆடி முடித்த பெண்ணிடம் 'ஆடினது போதும், வீட்டைப் பார்' என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த பேச்சு. பெண்ணின் உடல் பலத்தை ஒருவழியாக ஒப்புக்கொண்டவர்கள்கூட, அவள் அறிவு ஒரு அணியை நடத்தும் என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

என் மாணவிகளில் கபடி ஆடுகிறவர்கள் உண்டு. அடுத்து என்ன என்று கேட்டால் போலீஸ் வேலை என்பார்கள், ரயில்வே என்பார்கள். கோச் ஆவேன் என்று இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பார்த்த கோச் எல்லாம் 'சார்'தான்.