கரஃப்ஸ் விதை

பக்கவாதத்துக்கு அரபு மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் ஃபாலிஜ். இரண்டாகப் பிளத்தல் எனும் பொருளுடைய வினையினின்று பிறந்த சொல் அது. உணர்விழந்து வீழ்வதைச் சக்தா என்பர். மௌனத்தைக் குறிக்கும் சுகூத் அதன் உடன்பிறப்பு. உடல் பாதியாவதையும் நா அடங்குவதையும் இரு சொற்களில் வைத்த முன்னோரின் கூர்நோக்கை மாணவர்க்கு நாம் வியந்துரைப்பதுண்டு.

எனினும், பல்லவன் மகேந்திரவர்மனின் குகைக்கோயிலால் பெயர்பெற்ற, செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில் நம் பெரிய தந்தையார் வைகறைத் தொழுகை முடித்தெழுகையில் வாய் கோணி வீழ்ந்தபோது, சுற்றத்தார் முதலில் கொண்டு சென்றது எண்ணெய் தேய்ப்பவரிடம். மருத்துவமனை சேர்ந்தது அஸருக்குப் பிறகு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். அந்நேரம் எண்ணெயிலேயே கழிந்திருந்தது.

அந்நேரத்தில் மூளையில் நிகழ்வது என்ன? குருதி தடைப்பட்ட உயிரணுவுக்கு ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. உப்பை வெளியே இறைத்துக்கொண்டிருந்த அதன் நுண்பொறிகள் நின்றுபோகின்றன. குளூட்டமேட் எனும் பொருள் கரைபுரண்டு அண்டை அணுக்களைத் தூண்ட, அவற்றுள் கால்சியம் வெள்ளமெனப் புகுந்து அழிக்கிறது. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006இல் கணக்கிட்டனர். ஆயினும் அழிவிடத்தைச் சூழ, மடியாமலும் இயங்காமலும் ஒரு விளிம்பு சிறிது நேரம் காத்துக்கிடக்கிறது. மருத்துவம் மீட்க முனைவது அவ்விளிம்பைத்தான்.

சீனர் தம் மருந்துகளை இங்கே கொண்டுவந்து சோதித்திருக்கின்றனர். செலரி விதையில் உள்ள பியூட்டைல்தாலைடு எனும் பொருள் 2002இல் அங்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. இப்னு சீனாவின் கானூன் கரஃப்ஸ் எனக் கூறுவதும் அச்செடியே! 2023இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குள் வந்த 1216 நோயாளிகளுள், அடைப்பு நீக்கும் சிகிச்சையோடு இதையும் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் 90ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தனர். போலி மருந்து பெற்றோரில் 44 பேர். மாறாக, நியூரோஎய்ட் எனும் சீனக் கலவை, சிங்கப்பூர், இலங்கை உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் போலி மருந்தை வெல்லவில்லை. அதையும் மறையாது எழுதினர். நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

2023 ஆய்வில் எவருக்கும் அடைப்பு நீக்கத்துக்கு மாற்றாக இம்மருந்து தரப்படவில்லை. கரஃப்ஸை அம்மியில் அரைத்து ஊட்டுவது இதற்கு ஈடுமாகாது. மேலும், நேர்ந்தது அடைப்பா, கசிவா என்பதைத் தலையைப் படமெடுத்தே அறியலாம். நாடி பிடித்து அறிய இயலாது. கசிந்த மூளைக்குக் கட்டி கரைக்கும் மருந்து நஞ்சு.