மெதுவான இணைப்பே அளவுகோல்

சேர்வர் மென்பொருள் ஒன்றின் பெரிய வெளியீடு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது வேகக் கணக்கைத்தான். பழையது விநாடிக்கு எத்தனை கோரிக்கைகளுக்குப் பதில் தந்தது, புதியது எத்தனைக்குத் தருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஒரே அறையில், அடுத்தடுத்து வைத்த இரண்டு இயந்திரங்களுக்கு இடையே நடப்பவை. கண்டியிலிருந்து சேர்வர் பராமரிப்பவரின் பாவனையாளர் அந்த அறையில் இருப்பதில்லை. அவர் தெல்தோட்டையில் ஒரு லயத்து வாசலில் இருக்கிறார். ஹந்தானை மலை மறைத்த சரிவில் ஒற்றைக் கோடு சிக்னலோடு இருக்கிறார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து வரும் ரயிலில், சுரங்கத்துக்குச் சுரங்கம் அறுந்து மீளும் இணைப்போடு இருக்கிறார். ஆகவே இந்தத் தொழிலில் இருக்கும் நாம் ஒரு வெளியீட்டின் புதிய அம்சங்களை வேறொரு கேள்வியால் அளக்க வேண்டும்: மெதுவாக வருபவரை இது எப்படி நடத்துகிறது? இந்தக் கேள்வியோடு வாசித்தால் மாற்றப் பட்டியலில் கடைசியில் கிடக்கும் வரிகள் பல முதலிடத்துக்கு வரும். தலைப்பில் இருந்தவை சில பின்னுக்குப் போகும்.

இதற்குப் பொருத்தமான சான்று அப்பாச்சி சேர்வரின் 2.4 வெளியீடு. 1995 பெப்ரவரியில் ஒரு சிறு குழு தொடங்கிய இந்தத் திட்டம், தன் பதினேழாம் ஆண்டு நிறைவையொட்டி 2012 பெப்ரவரி 21 அன்று 2.4 ஐ வெளியிட்டது. 2005 டிசம்பரில் வந்த 2.2 க்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துச் செய்த வேலை அது. அதன்பின் வந்த பெரிய வசதிகள் எல்லாம் இதே வரிசையின் சிறு இலக்கங்களுக்குள்ளேயே சேர்ந்தன. எச்டிடிபி/2 வந்தது 2.4.17 இல், பிராட்லி சுருக்கம் 2.4.26 இல், டிஎல்எஸ் 1.3 வந்தது 2.4.37 இல். எனவே 2.4 ஐப் புரிந்துகொள்வது பழங்கதை அல்ல, இன்றைய வேலை. திறந்த மூல உலகில் இலங்கை வெறும் வாடிக்கையாளராக இருந்ததும் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் நம் நாட்டுத் தொண்டர்கள் எழுதிய சஹானா அனர்த்த முகாமை மென்பொருளும், அப்பாச்சி நிறுவனத்தின் அக்சிஸ்2 திட்டத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த பெரும்பங்கும் அதற்குச் சாட்சி. ஒரு வெளியீட்டை நம் தேவையை வைத்து மதிப்பிடும் உரிமையும் தகுதியும் நமக்கு உண்டு.

2.4 இன் அம்சங்களில் முதலில் வைக்க வேண்டியது இவென்ட் என்ற இயக்க முறை. பழைய பிரீபோர்க் முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முழுப் புரொசஸ் ஒதுக்கப்படும். பிஎச்பி உள்ளே ஏற்றப்பட்ட புரொசஸ் ஒன்று 40 மெகாபைட் நினைவகம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்வருக்கு 2 ஜிகாபைட் ஒதுக்கினால் ஒரே நேரத்தில் 50 பேருக்குத்தான் இடம். அவர்கள் ஒவ்வொருவரும் 1 மெகாபைட் பாடக்குறிப்பு ஒன்றை விநாடிக்கு 20 கிலோபைட் வேகத்தில் இறக்கினால், ஆளுக்கு 50 விநாடி ஆகும். அந்த 50 விநாடியும் சேர்வர் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. பைட்டுகள் மலையேறிப் போய்ச் சேரும்வரை புரொசஸ் சும்மா நிற்கிறது. ஐம்பத்தோராவது மாணவிக்குப் பக்கம் திறக்காது. தபாற்கந்தோரில் படிவம் நிரப்பப் பேனா தேடும் ஒருவருக்காக ஒரு கருமபீடத்தையே நிறுத்தி வைப்பது போன்ற ஏற்பாடு இது. இவென்ட் முறையில் பதில் தயாரானதும் வேலை செய்த இழை விடுபட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும். மெதுவாக வடியும் மீதிப் பைட்டுகளையும், அடுத்த கோரிக்கைக்காகத் திறந்து கிடக்கும் இணைப்புகளையும் புரொசஸுக்கு ஒன்றாக இருக்கும் கண்காணிப்பு இழை பார்த்துக்கொள்ளும். இயல்பு அமைப்பிலேயே 400 வேலை இழைகள் உண்டு. காத்திருப்பவற்றையும் சேர்த்தால் 1200 இணைப்புகள் வரை ஏற்கும். 2.2 இல் இந்த முறை பரிசோதனை நிலையிலேயே இருந்தது. பாதுகாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பு என்றால் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும். 2.4 தான் அதை நம்பிப் பாவிக்கக்கூடியதாக்கியது.

ஆனால் வெளியீட்டு இலக்கம் மாறினால் மட்டும் இந்தப் பயன் கிடைக்காது. பிஎச்பியை அப்பாச்சிக்கு உள்ளேயே ஏற்றும் பழைய மொடியூல் வழக்கமாகப் பிரீபோர்க்கையே கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டு 2.4 க்கு ஏறியவர், பெயரளவில்தான் ஏறியிருக்கிறார். அதே வெளியீட்டோடு வந்த எப்சிஜிஐ புரொக்சி மொடியூலைப் பயன்படுத்திப் பிஎச்பியைத் தனிச் சேவையாக வெளியே நிறுத்தினால்தான் இவென்ட் முறைக்கு மாறலாம். 2.4.27 இலிருந்து எச்டிடிபி/2 உம் பிரீபோர்க்கில் இயங்காது. ஆக, ஒரு மாற்றம் இன்னொன்றைத் திறக்கிறது. அது மூன்றாவதைத் திறக்கிறது. மூடுல், வேர்ட்பிரஸ் போன்ற பிஎச்பித் தளங்களே பெரும்பான்மையாக உள்ள நம் சூழலில், பராமரிப்பாளர் முழுமனதோடு இறங்கவேண்டிய இடம் இதுதான். 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கற்பித்தல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியே இணையத்துக்கு மாறியது. பல்கலைக்கழகச் சேர்வர்களுக்கான டேட்டாவைத் தொலைபேசி நிறுவனங்கள் இலவசமாக்கின. பணத் தடை நீங்கியது. சிக்னல் தடை நீங்கவில்லை. மலைக் கிராம மாணவர்கள் பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் கேட்ட படங்கள் 2021 இல் உலகச் செய்திகளில் வந்தன. அந்தப் பாறையிலிருந்து வரும் இணைப்பைப் பொறுமையாகத் தாங்கும் சேர்வரே நமக்கு நல்ல சேர்வர்.

அடுத்தது சுருக்கம். இதைப் பட்டியலில் ஒரு சிறு வசதியாகத்தான் எழுதுவார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பக்கம் வெளியிடுபவருக்கு இது பெரிய விடயம். யுடிஎப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும், சிங்களத்துக்கும் அப்படியே. ‘கி’ என்ற ஓர் எழுத்து மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட் பிடிக்கும். ஒரே அறிவித்தலை மும்மொழியிலும் போட்டால், சுருக்காத நிலையில் நம் மொழிப் பக்கங்களே பெரும்பாலும் பாரமாக இருக்கும். ஆனால் அந்த 3 பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே மதிப்புகளுக்குள் அடங்கும். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் முறைகளுக்கு இது நல்ல தீனி. பிராட்லி முறையோடு ஓர் உள்ளகராதியும் வருகிறது. அதில் ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், ஹிந்தி, ரஷ்யம், அரபு மொழிச் சொற்கள் உண்டு. தமிழும் சிங்களமும் இல்லை. அந்த உதவி நமக்குக் கிடைக்காவிட்டாலும் அமுக்கும் திறன் நம் எழுத்துக்கும் நன்றாகவே வேலை செய்யும். பழைய ஜிசிப் முறையைக்கூட இயக்காமல் விட்ட தளம் தன் தமிழ் வாசகரின் டேட்டாவை வீணாக்குகிறது.

மூன்றாவது, போய்வரும் தடவைகள். கண்டியிலிருந்து அமெரிக்காவில் உள்ள சேர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்பக் கால் விநாடி ஆகிறது என்று கொள்வோம். பழைய டிஎல்எஸ் 1.2 இல் இணைப்புத் தொடங்க ஒரு தடவை, பாதுகாப்பு உடன்படிக்கைக்கு இரண்டு தடவை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு தடவை: முதல் எழுத்து தெரியவே ஒரு விநாடி. 2018 ஓகஸ்டில் தரமாக்கப்பட்ட டிஎல்எஸ் 1.3 உடன்படிக்கையில் ஒரு தடவையைக் குறைத்தது. எச்டிடிபி/2 பல கோப்புகளை ஒரே இணைப்பில் அனுப்பி, பல இணைப்புகளைத் திறக்கும் செலவைத் தவிர்த்தது. ஆனால் அதற்கொரு பலவீனம் உண்டு: வழியில் ஒரு பொதி தொலைந்தால் அந்த ஒற்றை இணைப்பில் பின்னால் வரும் எல்லாமே காத்து நிற்கும். பொதி தொலைவது மலைநாட்டில் அன்றாடம். அதைத் தீர்க்கத்தான் குவிக் நெறிமுறைமேல் எச்டிடிபி/3 எழுந்து, 2022 ஜூனில் தரமானது. கைத்தொலைபேசி ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இணைப்பு அறாமல் தொடர்வதற்கு அதில் வழி உண்டு. இன்னொரு சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் 2023 மே மாதம் 1.25.0 இல் அதைப் பரிசோதனையாகச் சேர்த்தது. அப்பாச்சி 2.4 வரிசையில் அது இல்லை. நம் அளவுகோலின்படி இது அப்பாச்சியின் உண்மையான குறை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஒரு பெரிய வெளியீடு எல்லா வகையிலும் மெதுவானவருக்கு நல்லதையே செய்கிறது என்றும் நான் வாதிடவில்லை. 2.2 இல் டைம்அவுட் அமைப்பின் இயல்பு மதிப்பு 300 விநாடி, 2.4 இல் 60. கூடவே, கோரிக்கை வாசிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மொடியூலுக்கும் இயல்பு எல்லைகள் வந்தன: கோரிக்கையின் உடலுக்கு முதலில் 20 விநாடி, பின் வந்துசேரும் ஒவ்வொரு 500 பைட்டுக்கும் ஒரு விநாடி நீடிப்பு. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2009 இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல், வேண்டுமென்றே மெதுவாகப் பேசி இணைப்புகளையெல்லாம் பிடித்துவைக்கக் கற்றுத் தந்தது. ஆனால் சேர்வரின் கண்ணுக்கு அந்தத் தாக்குதல்காரரும், புசல்லாவையிலிருந்து ஒப்படையைப் பதிவேற்றும் மாணவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இருவரையும் பிரித்தறிவது பராமரிப்பாளரின் பொறுப்பு. ஒப்படை பெறும் தளத்துக்குத் தனி வேர்ச்சுவல் ஹோஸ்ட் வைத்து அங்கே மட்டும் எல்லையைத் தளர்த்தலாம். மற்ற இடங்களில் இறுக்கமாக வைத்திருக்கலாம். இயல்பு மதிப்பு என்பது வேறொரு வலையமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்ட ஊகம். அதை நம் பாவனையாளருக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் இந்தக் கைவினையின் சாரம்.

ஓடுகிற சேர்வரைத் தொடாதே என்பது நம் துறையின் பழைய புத்திமதி. அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. 2021 செப்டெம்பரில் வந்த 2.4.49, தளத்துக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டவிடும் ஒரு ஓட்டையைப் புதிதாகக் கொண்டுவந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் வந்த 2.4.50 அதைப் பாதிதான் அடைத்தது. சில நாட்களில் 2.4.51 வரவேண்டியதாயிற்று. அவசரப்பட்டு ஏறியவர்களே மாட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டையின் விபரத்தைக் கூர்ந்து பார்த்தால் பாடம் வேறாக இருக்கிறது. 2.4 இன் புதிய ‘ரிக்வயர்’ விதிமுறைப்படி கோப்பு முறைமை முழுவதையும் முதலில் மறுத்து, தேவையானதை மட்டும் திறந்தவர்களிடம் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. பழைய ‘ஓடர், அலவ், டினை’ வரிகளையும் புதியவற்றையும் கலந்து, என்ன திறந்திருக்கிறது என்று தமக்கே தெரியாமல் வைத்திருப்பவர்கள் அந்த நிச்சயத்தைப் பெற முடியாது. இன்னொரு பக்கம், தொடாமல் விடுவதும் பாதுகாப்பில்லை: 2.2 க்கான திருத்தங்கள் 2017 உடன் நின்றன. அதைச் சுமந்த சென்ட்ஓஎஸ் 6 உம் 2020 நவம்பரில் முடிந்தது. அவசரமும் கூடாது, அசட்டையும் கூடாது. டெபியன், உபுண்டு போன்றவற்றின் நிலையான வரிசையில் இருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் வாசித்து ஏறுவதே நடுவழி.

இன்னும் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. தொடக்கத்திலிருந்தே மெதுவான இணைப்புகளைத் தாங்கும் என்ஜின்எக்ஸ் இருக்கும்போது அப்பாச்சியோடு ஏன் மினக்கெட வேண்டும் என்பது ஒன்று. மாற வசதியுள்ளவர் மாறட்டும். முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி உள்ளே அப்பாச்சியை வைப்பதும் நல்ல ஏற்பாடே. ஆனால் எச்டிஅக்சஸ் கோப்புகளில் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த விதிகளோடு, ஓரிருவர் பராமரிக்கும் சிறு நிறுவனங்களுக்கு இருப்பதைச் சரியாக அமைப்பதே விரைவில் பலன் தரும். என் வாதம் எந்த மென்பொருள் என்பதைப் பற்றியது அல்ல, எதைக் கொண்டு அளப்பது என்பதைப் பற்றியது. மற்றது, ஃபைபரும் 4ஜியும் பரவிவிட்டதால் மெதுவான இணைப்பு சீக்கிரம் மறைந்துவிடும் என்பது. பேராதனையிலும் கண்டி நகரிலும் அது ஓரளவு சரி. ஆனால் மெதுவாவதற்குக் கம்பி மட்டும் காரணம் அல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தது. பற்றரி இறங்கிய கோபுரத்தின் கீழ் 4ஜி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தைத் தாக்கியபோது தொடர்புகள் அறுந்தன. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் காலையில் நாடே ஒரே பக்கத்தைத் திறக்க முயலும்போது நல்ல இணைப்பும் மெதுவாகும். நெருக்கடியான நேரத்தில் எல்லோருமே மெதுவான பாவனையாளர்தான். சேர்வர் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

எனவே கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் பாடசாலைக்கோ மருத்துவமனைக்கோ நூலகத்துக்கோ தளம் பராமரிக்கும் தோழர்களிடம் கேட்டுக்கொள்வது இது. உங்கள் சேர்வர் எந்த இயக்க முறையில் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். பிரீபோர்க் என்றால் பிஎச்பியை வெளியே எடுத்து இவென்டுக்கு மாறுங்கள். தமிழ், சிங்களப் பக்கங்கள் சுருக்கப்பட்டுப் போகின்றனவா என்று சோதியுங்கள். நேர எல்லைகளை உங்கள் பாவனையாளரின் இணைப்பை அறிந்து வையுங்கள். அடுத்த பெரிய வெளியீடு வரும்போது வேக வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, நலிந்த இணைப்பிலிருந்து உங்கள் தளத்தைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். அங்கே திறக்காத தளம், வேறெங்கே வேகமாக ஓடினாலும், தன் வேலையைச் செய்யவில்லை.