மலை மேல் ஒரு மேட்டூர்

நான் குடியிருந்த வீட்டில் டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை பகலிலும் விளக்கு எரிந்தது. கீழ்த்தள ஜன்னல்களுக்கு வெளியே பலகைகளை வரிசையாகச் செருகி அடைத்துவிட்டார்கள். திருட்டுப் பயம் இல்லை. கூரையிலிருந்து விழுந்து குவியும் பனி கண்ணாடியை நொறுக்கிவிடும் என்ற பயம். கொஞ்சம் அதிகப்படியாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஜனவரியில் பலகைகளுக்கு மேலும் பனி ஏறிவிட, மாடி ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாலே பனி தட்டுப்பட்டபோது அந்த நினைப்பு போயிற்று.

ஜப்பானின் நீகாதா மாநிலத்தில், ஷினானோ ஆற்றங்கரையில் இருக்கிறது தோகாமாச்சி. பெயருக்கு நகரம், கொஞ்சம் தள்ளிப் போனால் நெல்வயலும் மலையும்தான். அங்கே பள்ளிகளில் ஓராண்டு ஆங்கில உதவி ஆசிரியராக இருந்தேன். மார்கழிப் பனிக்கே காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் மன்னார்குடிக்காரன் நான். புல்நுனியில் நிற்பதற்கும் ஆளையே மூடுவதற்கும் பனி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கினேன்.

சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இந்த மலைகளில் முட்டி, அவ்வளவையும் இங்கேயே கொட்டிவிடுகிறது. ஊர் வழியாகப் போகும் ஈயாமா ரயில் தடத்தில் மோரிமியானோஹாரா என்றொரு நிலையம். 1945 பிப்ரவரியில் அங்கே 7.85 மீட்டர் பனி நின்றது. அந்த உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். நம் ஊர் மாடிவீடு ஒன்று அதற்குள் அடங்கிவிடும்.

கூரைப் பனியை அகற்றுவதற்கு ஜப்பானில் பொதுவான சொல் யுகிஓரோஷி, அதாவது பனி இறக்குதல். இந்தப் பக்கத்தில் யுகிஹோரி என்கிறார்கள், பனி தோண்டுதல். இறக்குவதற்குக் கீழே இடம் இருந்தால்தானே! படிந்து இறுகிய பனி கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். விட்டுவைத்தால் வீடு தாங்காது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறுவார். நான் ஓடிப்போய் மண்வாரியைக் கேட்டால், “சென்செய், நீங்கள் விழுந்தால் உங்களை வேறு நான் தோண்டி எடுக்கவேண்டும்” என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. பனி அள்ளப்போய்க் கூரையிலிருந்து விழுந்து முதியவர்கள் சாவது அந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது.

மார்ச் மாதத்தில்தான் எனக்கு அந்த ஊர் பிடிக்க ஆரம்பித்தது. பகலில் வெயிலில் இளகும் பனி, மேகமில்லாத இரவில் மறுபடி உறைந்து விடிகாலையில் சிமென்ட்டுத் தரைபோலக் கெட்டியாகிவிடும். அதன் மேல் நடப்பதற்கு ஷிமிவதாரி என்று பெயர். வயலெது, வரப்பெது, வாய்க்காலெது என்ற பேச்சே இல்லை. எல்லாம் இரண்டு மீட்டருக்கு அடியில். சாலையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அன்றைக்கு நேர்கோட்டில், வயல்களின் தலைக்கு மேல் நடந்து போவார்கள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். இவ்வளவு எளிதா என்று தோன்றவே, முதல் பாடவேளை முடிந்து தனியாகவும் கிளம்பினேன். வெயில் ஏறிவிட்டால் அந்தத் தரை ஆளைத் தாங்காது என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பு வரை புதைந்தேன். நான்காம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஒரு வரப்போரத்தில் கிடைத்தது.

அதே நாட்களில் பாட்டி வெள்ளை வயலின் மேல் கறுப்பாக எதையோ தூவிக்கொண்டிருந்தார். கரித்தூள். கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும், பனி சீக்கிரம் உருகும், நாற்றங்கால் வேலையைக் காலத்தில் தொடங்கலாம். “நான்கு மாதமாக இந்தப் பனியைத் திட்டுகிறீர்களே, பேசாமல் இது இல்லாத ஊருக்குப் போய்விடலாமே?” என்றேன். மலையைக் காட்டினார். “அது குறைந்துபோனால் கோடையில் வயலுக்குத் தண்ணீர் ஏது?”

எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பா பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டம்தான். 120 அடியில் எத்தனை அடி, ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்களா, குறுவை உண்டா இல்லையா. குளிர்காலம் முழுக்க நான் வெறும் தொந்தரவாகப் பார்த்தது, பாட்டிக்கு மலை மேல் நிரம்பி நிற்கும் அணை.

ஏப்ரலில் பனி விலகிய இடத்தில் முதலில் தலைகாட்டுவது ஃபுகினோதோ என்கிற மொட்டு. மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார் பாட்டி. நல்ல கசப்பு. வசந்தத்தில் கசப்பு தின்றால்தான் குளிரில் தூங்கிய உடம்பு விழிக்கும் என்றார். ஊரில் அம்மா அந்த வாரம் சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்திருப்பார். இரண்டில் எது அதிகக் கசப்பு என்று கேட்டால், வேப்பம்பூதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகைகளைக் கழற்றினோம். வீட்டுக்குள் வெளிச்சம் பாய்ந்ததில், குளிர்காலம் முழுக்க நான் பெருக்கிய லட்சணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

மே மாதம் வயல்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். வாய்க்காலில் கை வைத்தேன்; விரல் மரத்துப்போனது. இதை அப்படியே விட்டால் நாற்று சுணங்கிவிடும் என்று, வயலோரமாகச் சுற்றவிட்டு வெயிலில் சூடு ஏற்றித்தான் உள்ளே திருப்புகிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்து சேரும் வாய்க்காலில் குளித்து வளர்ந்தவனுக்கு இது புது விவசாயம்.

அன்றிரவு போனில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே குறுக்கிட்டுக் கேட்டார்:

“அது சரி, மலையில இப்ப இன்னும் எத்தனை அடி நிக்குது?”