மடலும் முகமும்

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது, பங்குப் பணிக்கிடையே கல்லூரி ஒன்றில் வாரம் இரண்டு மணி நேரம் மெய்யியல் கற்பித்துக் கொண்டிருந்தேன். சில வாரங்களில் அவ்வகுப்பு கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. பங்கு இல்லத்து முன்னறையில், அடுக்கிய புத்தகங்களின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, நாற்பது பெயர்களைப் பார்த்துப் பேசினேன். முகங்களை அன்று, பெயர்களை. பேசியதைப் பதிவு செய்து மாணவருக்கு அனுப்பியும் வந்தேன்.

அப்பெயர்களுள் ஒன்று நாள் தவறாமல் வரும். அழைத்தால் மட்டும் பதில் இராது. மூன்று முறை அழைத்துப் பார்த்தேன். பின்னர்க் கடுமையாக ஒரு செய்தி அனுப்பி, வகுப்புப் பங்கேற்பிற்குரிய மதிப்பெண்ணில் சுழியம் இட்டேன். சோம்பேறி என்று மனத்திற்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

2021இல் கல்லூரி மீண்டும் திறந்தபின் ஒருநாள், அவன் வகுப்பு வாயிலில் காத்து நின்றான். தந்தைக்கு வேலை போய்விட்டதால் அந்த மாதங்களில் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கியிருக்கிறான். கைப்பேசி சட்டைப் பையில். பாடம் ஒரு காதில். பேசினால் சந்தை இரைச்சல் எல்லாருக்கும் கேட்குமே என்று வாய் திறக்கவில்லை. இரவில் பதிவுகளை இரண்டு, மூன்று முறை கேட்டிருக்கிறான். இதைக் குறையாகச் சொல்ல அவன் வரவில்லை. அவனுக்கு ஓர் ஐயம் இருந்தது.

"தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் இன்மையே என்று சொன்னீர்கள், ஃபாதர். பசியும் சோறு இல்லாமைதானே? ஆனால் அது இருப்பதுபோல் அல்லவா வலிக்கிறது?"

புனித அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்குவினாஸும் தந்த விளக்கத்தைக் குருமடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். அந்த வாயிலில் அது உதவவில்லை. மதிப்பெண்களோ முன்பே அனுப்பப்பட்டுவிட்டன, திருத்த வழியில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன்தான் கூச்சப்பட்டான்.

அதன்பின் பவுலடியாரின் மடல்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். உரோமைத் திருச்சபையை நேரில் காணுமுன்னரே அவர் தம் மடல்களுள் மிக நீண்டதை அதற்கு எழுதினார். அதே மடலில் அவர்களைக் காணும் ஏக்கத்தையும் வெளியிட்டார். கெங்கிரேயாத் திருச்சபையின் தொண்டர் பெபேயா அதை எடுத்துச் சென்றார் என்பது அறிஞர் பலர் கருத்து. அப்படியாயின், மடல் வாசிக்கப்படும்போது எழுந்த ஐயங்களுக்குச் செவிகொடுக்க அங்கே ஓர் ஆள் இருந்திருப்பார். பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1971இல் வானொலி, தொலைக்காட்சி வழியே பாடங்களை அனுப்பத் தொடங்கியபோது, பயிற்றாசிரியர்களையும் கோடைக்கால உறைவிட வகுப்புகளையும் உடன் அமைத்தது.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துரு, ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என முன்மொழிந்தது. நாற்பதா முப்பதா என்று ஆசிரியர் அறையில் காரசாரமாக வாதிட்டோம். (தேநீர் ஆறியதுதான் மிச்சம்.) எந்த நாற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரையறைகள், வரலாற்றுப் பின்னணி, வாதத்தின் படிநிலைகள் ஆகியவை பதிவில் போகட்டும். சந்தையிலிருந்து திரும்பியவன் நள்ளிரவில் கேட்க வேண்டுமானால் அவை அங்கேதான் இருக்க வேண்டும். நேரடி வகுப்பில் அதே உரையை மறுபடி ஒப்புவிக்கும் ஆசிரியர், மாணவர் பேச வேண்டிய மணித்துளிகளைத் தாமே எடுத்துக்கொள்கிறார். முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றும் எனக்கும் வாயை மூடுவது எளிதாயில்லை.

இப்போது பதினைந்து மணித்துளிப் பதிவை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். வகுப்பில் முதலில் பேசுவோர் மாணவர். வரமுடியாதவனைப் பற்றி உடன் பயில்வோரிடம் விசாரிக்கிறேன். தீமை பற்றிய அந்தப் பழைய பதிவை மாற்றவில்லை. அதன் இறுதியில் அவனுடைய வினாவை மட்டும், அவன் இசைவோடு, பெயர் சொல்லாமல் சேர்த்திருக்கிறேன்.