மொய் நோட்டும் தலைக்கட்டு வரியும்

பிப்ரவரி 8, ஞாயிறு

பரணிலிருந்து மொய் நோட்டுகளை இறக்கினோம். இருப்பதில் பழையது 1946-இல் தாத்தா கல்யாணத்துக்கு எழுதியது. முதல் வரியே தாய்மாமன் சீர்: பண்ணைப்புரம், வகையறா பெயர், அதன் கீழே பணமும் அரிசியும். அப்படியானால் தாத்தாவைப் பெற்ற பூட்டிக்குப் பிறந்த ஊர் பண்ணைப்புரம். பட்டாவிலும் பத்திரத்திலும் எத்தனை தேடினாலும் தகப்பன் பெயர்தான் கிடைக்கும். வாக்கப்பட்டு வந்தவள் எந்த வீட்டுப் பெண் என்று சொல்வது இந்த நோட்டு ஒன்றுதான். வம்சம் தேட நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும்.

அத்தை சொன்னார்: "பண்ணைப்புரத்துக்காரகளுக்கு இன்னமும் மொய் செஞ்சுக்கிட்டுத்தான்டா இருக்கோம். என்ன சொந்தம்னு கேட்டா உங்கப்பனுக்கே தெரியாது."

பிப்ரவரி 15, சிவராத்திரி

குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தோம். பூசாரி தலைக்கட்டு வரி நோட்டைப் பார்க்கக் கொடுத்தார். கல்யாணமானவனெல்லாம் ஒரு தலைக்கட்டு. பெயர் ஏறிய வருஷத்தை வைத்துக் கல்யாணக் காலத்தைக் கணிக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டப்பெயர்தான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவருக்குக் 'கங்காணி' என்று போட்டிருக்கிறது. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலா, சிலோன் எஸ்டேட்டிலா? விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சார் பதிவாளர் அலுவலகம். 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் மனு. கேட்க வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம், அதில்தான் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள். எங்கள் தேனி தனி மாவட்டமானது 1996-இல். பழைய பத்திரங்களில் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா என்றுதான் தேட வேண்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

பூட்டனின் காலம் ரேகைச் சட்டக் காலம். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறமலைக் கள்ளர்களான எங்களைச் சேர்த்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல்.

உழைத்துப் பிழைத்த மனிதர்களைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதிய தாள்கள் அவை. நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் பூட்டனின் பெயர் அதில் இருந்தால் பார்த்தே தீருவேன். அவரை அப்படி எழுதியது யார் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

தாத்தா படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளியில். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அத்தையை உட்கார வைத்து, பூட்டிக்குக் கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டு செல்போனில் பதிந்துகொள்ள வேண்டும்.